வீட்டு இணைப்பில் மட்டும் ஒரு தளம் திறக்கவில்லை: கோளாறா, தடையா?

பொருநைக்கரை (அம்பாசமுத்திரம்)

வணக்கம். மூன்று வாரமாக மண்டையைக் குடையும் விஷயம் ஒன்று. பழைய தமிழ் இதழ்களை ஸ்கேன் செய்து போடும் ஒரு சின்னத் தளம் இருக்கிறது. நாலைந்து பேர் கைக்காசு போட்டு நடத்துகிறார்கள். பெயர் வேண்டாம் என்று அவர்கள் சொன்னதால் இங்கே எழுதவில்லை, கேட்பவர்களுக்குத் தனிமடலில் தருகிறேன். நான் அதற்கு மெய்ப்புப் பார்க்கிறேன். ஆசிரியர் வேலையில் ஓய்வு பெற்றபிறகு காலையில் இரண்டு மணி நேரம் எனக்கு அதுதான்.

ஒருநாள் காலை திறக்கவில்லை. "இந்தத் தளத்தை அணுக முடியவில்லை" என்றது குரோம். மறுநாளும் அதேதான். பணம் கட்ட முடியாமல் மூடிவிட்டார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்த வேண்டாம் என்று கேட்கவும் இல்லை. பதினெட்டு நாள் கழித்து அந்தக் குழுவில் உள்ள தம்பி, "என்ன சார், உடம்பு சரியில்லையா? உங்க பக்கமெல்லாம் அப்படியே கிடக்குதே" என்று போன் செய்தார். தளம் நன்றாக ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. என் வீட்டு பிராட்பேண்டில் மட்டும் வரவில்லை. பேத்தியின் போன் டேட்டாவில் வருகிறது.

நெட் கம்பெனியில் கேட்டால், "எங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு சார், மோடத்தை ஒரு தடவை அணைச்சுப் போடுங்க" என்கிறார்கள். நாலு தடவை அணைத்துப் போட்டாயிற்று. இது என் கணினியின் கோளாறா, நடுவில் யாராவது மறிக்கிறார்களா? எப்படித் தெரிந்துகொள்வது?

கம்பிவடம்

ஐயா, நான் நெட்வொர்க் வேலையில் 14 வருடமாக இருக்கிறேன். இரண்டு விவரம் வேண்டும். "அணுக முடியவில்லை" என்பதற்குக் கீழே இன்னொரு வரி இருக்கும். "முகவரி கிடைக்கவில்லை" என்கிறதா, "இணைப்பு மீட்டமைக்கப்பட்டது" என்கிறதா, "இணைக்க மறுத்துவிட்டது" என்கிறதா? மூன்றும் வேறு வேறு கதை.

இரண்டாவது, விண்டோஸில் கட்டளைச் சாளரத்தைத் திறந்து, என்எஸ்லுக்கப் என்று ஆங்கிலத்தில் அடித்து, ஒரு இடைவெளி விட்டுத் தளத்தின் பெயரைப் போடுங்கள். வரும் எண்ணை இங்கே எழுதுங்கள்.

பொருநைக்கரை

"இணைக்க மறுத்துவிட்டது" என்று இருக்கிறது. எண் 127.0.0.1 என்று வந்தது.

கம்பிவடம்

சரி, புரிந்துவிட்டது. உங்கள் கணினியில் பழுது இல்லை, தளத்திலும் இல்லை. விவரமாகச் சொல்கிறேன், இது தெரிந்தால் அடுத்த தடவை ஒரு தளம் செத்துவிட்டது என்று யாரும் தப்பாக நினைக்க மாட்டோம்.

புது ஊரில் ஒருவர் வீட்டைத் தேடிப் போகும்போது பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் விசாரிப்போம் இல்லையா? டிஎன்எஸ் அந்தக் கடை மாதிரி. தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் ஐபி எண்ணை, அதாவது இணையத்தில் அதன் விலாசத்தைச் சொல்லும். நாம் வேறு ஏற்பாடு செய்யாதவரை, அந்தக் கடையை நடத்துவது நம் நெட் கம்பெனியேதான். அவர்களிடம் ஒரு தடைப்பட்டியல் இருந்தால், அதில் உள்ள பெயரைக் கேட்டதும் தப்பான எண்ணைக் கொடுத்துவிடலாம். 127.0.0.1 என்பது அவரவர் சொந்தக் கணினியின் எண். அதாவது நீங்கள் வழி கேட்டீர்கள், கடைக்காரர் உங்கள் வீட்டு விலாசத்தையே உங்களிடம் சொல்லிவிட்டார். உங்கள் கணினி தன் கதவையே தட்டிப் பார்த்தது. அங்கே தளம் எதுவும் இல்லை, "மறுத்துவிட்டது" என்று செய்தி வந்தது.

இது பழைய முறை, தாண்டுவதும் சுலபம். இன்னொரு முறை இருக்கிறது. இன்று பெரும்பாலான தளங்கள் எச்டிடிபிஎஸ்தான், அதாவது பூட்டிய இணைப்பு, உள்ளே என்ன படிக்கிறோம் என்று நடுவில் இருப்பவருக்குத் தெரியாது. ஆனால் இணைப்பு தொடங்கும்போது, எந்தத் தளத்துக்குப் போக வேண்டும் என்ற பெயர் மட்டும் பூட்டில்லாமல் போகிறது. எஸ்என்ஐ என்பது அதுதான். ஒரே ஐபி எண்ணில் நூறு தளங்கள் குடியிருக்கும்போது எது வேண்டும் என்று சொல்ல அது தேவைப்படுகிறது. கடிதத்தை ஒட்டியாயிற்று, ஆனால் உறை மேல் விலாசம் தெரிகிறது. அதைப் படித்துவிட்டு, "இணைப்பைத் துண்டி" என்ற ஒரு சின்னப் பொட்டலத்தை இரண்டு பக்கமும் நடுவில் இருக்கும் கருவி அனுப்பிவிடும். உங்கள் உலாவி அதைத் தளமே அனுப்பியதாக நம்பும். "மீட்டமைக்கப்பட்டது" என்று வருவது பெரும்பாலும் இப்படித்தான். அங்கே டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் பயன் இல்லை.

மூன்றாவது, ஐபி எண்ணையே அடைப்பது. ஒருவன் தப்பு செய்தான் என்று தெருவையே மறிப்பது போல. ஸ்பெயினில் கால்பந்து ஒளிபரப்புத் திருட்டைத் தடுக்க 2025 பிப்ரவரியிலிருந்து, ஏராளமான தளங்களுக்கு முன்வாசலாக இருக்கும் கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் எண்களை ஆட்ட நேரங்களில் அடைக்கிறார்கள். அதே எண்களில் இருக்கும், சம்பந்தமே இல்லாத தளங்களும் சேர்ந்து விழுகின்றன. இத்தாலியில் இதே மாதிரி ஏற்பாட்டில் 2024 அக்டோபரில் கூகுள் டிரைவே சிக்கிக்கொண்டது.

உங்களுக்கு வேண்டியது: உலாவி அமைப்பில் "பாதுகாப்பான டிஎன்எஸ்" என்ற இடத்தில் 1.1.1.1 (கிளவுட்ஃபிளேர்) அல்லது 8.8.8.8 (கூகுள்) சேவையைத் தேர்ந்தெடுங்கள். மோடத்தில் மட்டும் எண்ணை மாற்றினால் போதாது, சில கம்பெனிகள் வெளியே போகும் டிஎன்எஸ் கேள்வியையும் மடக்கித் தாங்களே பதில் சொல்கின்றன. "பாதுகாப்பான" என்பதில் கேள்வியும் பூட்டிப் போகும்.

பொருநைக்கரை

செய்தேன். திறந்துவிட்டது! 212ஆம் பக்கத்தில் விட்ட இடம் அப்படியே இருக்கிறது. தம்பிக்கு மிக்க நன்றி.

ஆனால் ஒன்று கேட்கிறேன். இதில் தடை செய்ய என்ன இருக்கிறது? 1930களின் இதழ்கள். ஆசிரியர்கள் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடம் ஆகிறது. அப்படியே ஏதோ காரணம் இருந்தாலும், "தடுத்திருக்கிறோம்" என்று ஒரு வரி சொல்லக்கூடாதா? பதினெட்டு நாள் நான் துக்கம் விசாரிக்காத குறையாக இருந்தேன்.

சித்திரைத்தேர்

முன்பெல்லாம் சொல்வார்கள் ஐயா. தொலைத்தொடர்புத் துறையின் உத்தரவுப்படி தடுக்கப்பட்டுள்ளது என்று ஆங்கிலத்தில் ஒரு வெள்ளைப் பக்கம் வரும். கல்லூரிக் காலத்தில் பார்த்திருக்கிறேன். இப்போது ஏன் வருவதில்லை?

கம்பிவடம்

நல்ல கேள்வி. எனக்கு இதில் ரொம்ப நாள் வருத்தம் உண்டு.

அந்த வெள்ளைப் பக்கம் எச்டிடிபி காலத்துச் சமாச்சாரம். அன்று எல்லாம் திறந்த அஞ்சல் அட்டை. நடுவில் இருப்பவர் தளத்தின் பக்கத்தை எடுத்துவிட்டுத் தன் அறிவிப்பை வைக்க முடியும். 2015 டிசம்பரில் லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற அமைப்பு, இணைப்பைப் பூட்டத் தேவையான சான்றிதழை எல்லோருக்கும் இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்தது. சில வருடங்களில் சின்னத் தளங்கள்கூட எச்டிடிபிஎஸ்ஸுக்கு வந்துவிட்டன. பூட்டிய இணைப்பில் நெட் கம்பெனி தன் அறிவிப்பை நுழைக்க முடியாது, நுழைத்தால் உலாவி "சான்றிதழ் சரியில்லை" என்று அலறும். ஆகவே மறிக்க முடிகிறது, மறிக்கிறோம் என்று அதே இடத்தில் சொல்ல முடியவில்லை. நம்மைக் காக்க வந்த பூட்டு, தடையின் பெயர்ப்பலகையையும் சேர்த்துக் கழற்றிவிட்டது.

சட்டக் காரணத்தால் ஒரு பக்கம் மறுக்கப்படுகிறது என்று சொல்வதற்கென்றே 451 என்ற எண் 2016இல் தரமாக்கப்பட்டது. யார் உத்தரவு, என்ன காரணம் என்று அதோடு சொல்லலாம். ஆனால் அதைத் தளமே அனுப்பினால்தான் உண்டு.

அதற்காகச் சொல்ல வழியே இல்லை என்று அர்த்தம் இல்லை. கம்பெனியின் சொந்தத் தளத்தில் தடைப்பட்டியலை, தேதியோடும் உத்தரவு எண்ணோடும் போடலாம். சேவை மையத்தில் இருப்பவருக்கு அதைப் பார்க்கும் வசதி கொடுக்கலாம். இதற்குத் தொழில்நுட்பம் குறுக்கே நிற்கவில்லை.

கருப்புக்கோட்டு

சட்டம் குறுக்கே நிற்கிறது. நான் மதுரையில் வழக்கறிஞர். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்தியாவில் தளத்தை மறிக்க இரண்டு பெரிய வாசல்கள். ஒன்று, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பிற நாடுகளோடு நட்புறவு, பொது ஒழுங்கு போன்ற காரணங்களுக்காக மத்திய அரசு உத்தரவிடலாம். அதற்கான விதிகள் 2009இல் வந்தன. 16ஆம் விதியைக் கவனியுங்கள்: கோரிக்கையும் புகாரும் எடுத்த நடவடிக்கையும் கண்டிப்பாக ரகசியமாக இருக்க வேண்டும் என்கிறது. சேவை மையத்தில் உள்ள பெண் உங்களிடம் "எல்லாம் சரியா இருக்கு" என்று சொன்னதற்கு அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம், இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினால் தண்டிக்கும் 66ஏ பிரிவைத் தூக்கி எறிந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அதே தீர்ப்பில் 69ஏ செல்லும் என்றது பலருக்கு ஞாபகம் இருக்காது. செல்லும் என்றதற்கு ஒரு காரணம், உத்தரவில் காரணங்களை எழுத்தில் பதிய வேண்டும், அதை வைத்து அரசியல் சட்டத்தின் 226ஆம் பிரிவின்கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம் என்பது. நல்ல பாதுகாப்புத்தான். ஆனால் உத்தரவையே கண்ணில் காட்டாவிட்டால் எதை எதிர்த்து ரிட் போடுவது? என் தொழிலில் நான் தினமும் முட்டிக்கொள்ளும் சுவர் இது.

இரண்டாவது வாசல் நீதிமன்றம். இதில் நம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் தனி இடம் உண்டு. 2012இல் '3' படத்தைத் திருட்டுத்தனமாக யாரும் வெளியிடக் கூடாது என்று, எதிராளி யாரென்று பெயர் குறிக்காமல் ஓர் உத்தரவு வாங்கினார்கள். வெளிநாட்டில் ஜான் டோ உத்தரவு என்பார்கள், நம் ஊரில் அசோக் குமார் உத்தரவு என்றும் சொல்வதுண்டு. நெட் கம்பெனிகள் அதை வைத்துக்கொண்டு விமியோ, டெய்லிமோஷன் என்று முழு வீடியோ தளங்களையே மூடின. குறும்படம் எடுக்கும் பையன்கள் தங்கள் சொந்தப் படத்தையே பார்க்க முடியவில்லை. அந்த ஜூன் மாதம் நீதிமன்றம், குறிப்பிட்ட பக்கத்தை மட்டும்தான் தடுக்க வேண்டும், முழுத் தளத்தை அல்ல என்று தெளிவுபடுத்தியது.

அது போதவில்லை. 2017 ஆகஸ்டில் இரண்டு இந்திப் படங்களுக்காக அதே நீதிமன்றத்தில் வாங்கிய உத்தரவில் சுமார் 2,650 தளங்கள் பட்டியலில் இருந்தன. அதில் இணைய நூலகமான இன்டர்நெட் ஆர்க்கைவும் ஒன்று! ஐயா, உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, பழைய தமிழ் நூல்கள் எத்தனை அங்கே இருக்கின்றன என்று. அவர்களுக்கே எதற்காக மூடினார்கள் என்று முதலில் தெரியவில்லை, கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். அதற்கு முன் 2014 டிசம்பரில் 32 தளங்களை மூடியபோதும் ஆர்க்கைவ் அதில் இருந்தது, மென்பொருள் எழுதுபவர்கள் நிரல்களைப் பகிரும் கிட்ஹப்பும் இருந்தது.

இவ்வளவு பெரிய பட்டியலில் ஒவ்வொரு தளத்தையும் மனிதர் உட்கார்ந்து பார்த்தார் என்று என்னால் நம்ப முடியவில்லை. உங்கள் இதழ்த் தளமும் இப்படி ஏதோ ஒரு பட்டியலில் அடித்துக்கொண்டு போயிருக்கலாம்.

சித்திரைத்தேர்

2022இல், கணினியில் படம் பார்க்கும் விஎல்சி மென்பொருளின் தளத்துக்கு நடந்ததும் இதே கதைதானே? பல மாதம் பதிவிறக்கமே முடியவில்லை. அவர்கள் வக்கீல் நோட்டீஸ் அனுப்பியபிறகு நவம்பரில்தான் திறந்தது. அதுவரை என் தம்பி ஏதோ கண்ட தளத்திலிருந்து விஎல்சி என்று எதையோ இறக்கி, கணினியில் வைரஸ் ஏற்றிக்கொண்டான். அசலை மூடினால் மக்கள் போலியிடம்தான் போவார்கள்.

தேன்மொழி_திருப்பூர்

எல்லோரும் தடை என்றாலே தப்பு என்கிற மாதிரி பேசுகிறீர்கள். என் கூடப்பிறந்தவன் ஆன்லைன் சூதாட்டத்தில் இரண்டு லட்சம் விட்டான். அம்மாவின் வளையல் போனது. ஒரு வருடம் வீட்டில் யாரும் யாரோடும் சரியாகப் பேசவில்லை. அந்தத் தளங்களை மூட வேண்டும் என்று நான் மனு கொடுத்தவள். குழந்தைகளை வைத்து எடுக்கும் அசிங்கங்களையும் மூடக்கூடாதா? அதற்கெல்லாம் பட்டியல் போட்டு வெளியிட்டால் அதுவே விளம்பரமாகிவிடாதா?

கருப்புக்கோட்டு

அம்மா, நீங்கள் சொல்வது நியாயம். மூடவே கூடாது என்று நான் சொல்லவில்லை. குழந்தைகள் விஷயத்தில் பட்டியலை வெளியிடக்கூடாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். மற்றவற்றில் நான் கேட்பது இரண்டுதான்: மூடப்பட்டவருக்குத் தகவல் போக வேண்டும், தப்பாக மூடினால் திறக்க ஒரு வாசல் வேண்டும். 2025 பிப்ரவரியில் விகடன் தளம் மூடப்பட்டதை நினைத்துப் பாருங்கள். ஒரு கேலிச்சித்திரத்துக்காக நூறு வருடப் பத்திரிகையின் தளம் முழுவதும் போனது. திறக்கவில்லை என்று முதலில் சொன்னவர்கள் வாசகர்கள். என்ன காரணம் என்று விசாரித்துக்கொண்டிருக்கிறோம் என்றுதான் அந்த நிறுவனத்தாலேயே சொல்ல முடிந்தது. மார்ச் 6 அன்று உயர் நீதிமன்றம், அந்தச் சித்திரத்தை எடுத்துவிட்டால் தளத்தைத் திறக்க வேண்டும் என்றது. அவர்களுக்கு வக்கீல் வைக்க வசதி இருந்தது. நாலைந்து பேர் கைக்காசில் நடத்தும் தளத்துக்கு யார் இருக்கிறார்கள்?

தேன்மொழி_திருப்பூர்

அது சரி. தப்பாக மூடினால் திறக்க வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் என் தம்பி மாதிரி ஆட்களுக்கு இங்கே கொடுக்கும் அதே டிஎன்எஸ் வழிதான் சூதாட்டத் தளத்தையும் திறக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். அவன் அப்படித்தான் திறந்தான்.

கம்பிவடம்

மறுக்க முடியாது. சூதாட்டத் தளம் ஒன்றை மூடினால் பெயரில் ஒரு எழுத்தை மாற்றி மறுநாள் வந்துவிடுகிறது, அவர்களுக்கு அதுதான் பிழைப்பு. இதழ்த் தளம் பெயரை மாற்றிக்கொண்டு ஓடாது, அப்படியே விழுந்து கிடக்கும். இந்த முறையில் நல்லவன்தான் முழுசாக மாட்டுகிறான் என்பதே என் கவலை. உங்கள் தம்பி இப்போது நலமா?

தேன்மொழி_திருப்பூர்

நலம். வேலைக்குப் போகிறான். கேட்டதற்கு நன்றி அண்ணா.

வடமராட்சி

நான் யாழ்ப்பாணம். எங்களுக்கு இது பழகின கதை. 2007 ஜூனில் தமிழ்நெட் என்ற செய்தித் தளம் இங்கே திறக்காமல் போனது. 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தோடு பேஸ்புக், வாட்ஸ்அப், வைபர் எல்லாம் நின்றது. 2022 ஏப்ரல் 3 அன்றும் நிறுத்தினார்கள், அன்றே திரும்ப விட்டார்கள்.

மறக்க ஏலாதது 2019 ஈஸ்டர் ஞாயிறு. குண்டு வெடித்த அன்றே சமூக ஊடகங்களை நிறுத்திவிட்டார்கள். வதந்தி பரவக்கூடாது என்றார்கள், அந்தப் பயம் எனக்கும் விளங்குது. ஆனால் என் அக்கா லண்டனில். எங்களோடு வைபரில்தான் கதைப்பா. நீர்கொழும்பில் எங்கட சித்தி குடும்பம் இருந்தது. அக்கா இரவு முழுக்க வைபரில் கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறா, இங்கே ஒன்றும் வரவில்லை. கடைசியில் பக்கத்து வீட்டுக்காரரின் தரைவழித் தொலைபேசி நம்பரை ஆரிடமோ வாங்கி எடுத்தா. சித்தி ஆக்கள் பத்திரம் என்று நான் சொன்னதும் அவ அழுத சத்தம் இன்னும் காதில் இருக்கு. அந்த வருடம்தான் எங்கட ஊரில் வயதான ஆக்கள்கூட விபிஎன் என்ற சொல்லைப் படித்தார்கள், வேறு இடத்துக் கணினி வழியாகப் போய்த் தடையைத் தாண்டும் வழி அது.

கற்பூரவல்லி

விபிஎன் என்றதும் ஒன்று. இந்தியாவில் 2022 ஏப்ரலில் அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் புது உத்தரவு போட்டது, வாடிக்கையாளர் விவரங்களை விபிஎன் நிறுவனங்கள் ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று. பெரிய நிறுவனங்கள் சில இங்கிருந்த சர்வர்களையே எடுத்துவிட்டன. இலவச விபிஎன் என்று கண்டதையும் போனில் ஏற்றாதீர்கள். நெட் கம்பெனியின் கண்ணிலிருந்து தப்பி, முகம் தெரியாத ஒருவன் கையில் முழுசாக மாட்டிக்கொள்வோம்.

இன்னொரு சந்தேகம். என் போனில் தேடினாலே "நீங்கள் ரோபோ இல்லை என நிரூபியுங்கள்" என்று பஸ், சிக்னல் படங்களாக வந்துகொண்டே இருக்கிறது. இதுவும் தடையா?

கம்பிவடம்

இல்லை, அது வேறு. ஐபிவி4 என்ற பழைய முறை ஐபி எண்கள் பற்றாக்குறை. அதனால் மொபைல் கம்பெனிகள் ஏராளமான பேரை ஒரே வெளி எண்ணுக்குப் பின்னால் வைத்திருக்கின்றன. அந்தக் கூட்டத்தில் ஒருவர் போனில் கெட்ட செயலி இருந்து ஆயிரம் கேள்வி அனுப்பினால், எதிரே இருப்பவருக்கு அந்த எண் முழுவதும் சந்தேகமாகத் தெரியும். ஒரே வாசல் உள்ள வளவில் ஒருவர் கடன் வாங்கினால் எல்லோர் வீட்டுக் கதவையும் தட்டுவது போல. எண்களுக்குப் பஞ்சமில்லாத புது முறையான ஐபிவி6 வந்த இணைப்புகளில் இந்தத் தொல்லை குறைவு.

சித்திரைத்தேர்

மறிப்பது ஒரு பக்கம், திருப்பிவிடுவது இன்னொரு பக்கம். போன் வாங்கும்போதே எந்தத் தேடுபொறி இருக்க வேண்டும் என்று முடிவாகி வருகிறது. இயல்பாக அங்கே இருப்பதற்காகவே 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது அமெரிக்க வழக்கில் வெளியானது. நம் போட்டி ஆணையம் அபராதம் போட்டபிறகு, 2023இலிருந்து இந்தியாவில் புது ஆண்ட்ராய்டு போனில் தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கலாம் என்று கூகுள் அறிவித்தது. ஆனால் என் கடைக்கு வருபவர்களில் அந்தத் திரையை நின்று படித்தவரை நான் பார்த்ததில்லை. அடுத்து, அடுத்து என்று தட்டிவிடுகிறார்கள். இதற்குத் தனி இழை போடுகிறேன்.

கம்பிவடம்

போடுங்கள். இங்கே இதழ்த் தளத்தை முடிப்போம். இந்தியாவில் ஒவ்வொரு நெட் கம்பெனியும் தன் இஷ்டத்துக்குத் தடுக்கிறது. 2020இல் பெங்களூரைச் சேர்ந்த சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் நாலாயிரத்துச் சொச்சம் தளங்களைச் சோதித்தார்கள். சோதித்த எல்லாக் கம்பெனிகளிலும் ஒருசேர மூடியிருந்தது ஏறக்குறைய கால் பங்குதான். ஒரே நாடு, ஒரே உத்தரவு, ஆனால் வீட்டுக்கு வீடு வேறு இணையம்.

ஆகவே நாமே பதிவு செய்வோம். ஊனி புரோப் என்ற செயலி இதற்கென்றே இருக்கிறது, ஒரு தளம் எந்த முறையில் மறிக்கப்படுகிறது என்று சோதித்துச் சொல்லும். முடிவுகள் பொதுவில் வெளியாகும் என்பதை அறிந்து பயன்படுத்துங்கள். கிடைத்ததை ஊர், இணைப்பு வகை, தேதியோடு இங்கே எழுதுங்கள். வக்கீல் அண்ணனுக்கு உதவும்.

கருப்புக்கோட்டு

நிச்சயம் உதவும். உத்தரவு கையில் இல்லாதபோது இந்த மாதிரிப் பதிவுதான் நம்மிடம் இருக்கும் ஆவணம். தளத்தை நடத்துபவர் சம்மதித்தால் தொலைத்தொடர்புத் துறைக்கும் கம்பெனிக்கும் நானே கடிதம் எழுதுகிறேன், கட்டணம் வேண்டாம்.

பொருநைக்கரை

அவர்களிடம் பேசினேன், சம்மதம். பெயரை உங்களுக்குத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

அம்பாசமுத்திரம், வீட்டு ஃபைபர்: பழைய டிஎன்எஸ்ஸில் இன்று காலையும் 127.0.0.1தான்.

வடமராட்சி

பருத்தித்துறை, வீட்டு இணைப்பு: திறக்குது. 1934 தீபாவளி மலர் பார்த்துக்கொண்டிருக்கிறேன் ஐயா, அருமை.

கற்பூரவல்லி

ஓசூர், போன் டேட்டா: திறக்கிறது. வீட்டு இணைப்பு, வேறு கம்பெனி: "மீட்டமைக்கப்பட்டது". டிஎன்எஸ் மாற்றியும் வரவில்லை.

தேன்மொழி_திருப்பூர்

எனக்கும் பெயரை அனுப்புங்கள் ஐயா. மூன்று தெருவில் மூன்று கம்பெனி இருக்கிறது, தம்பியை விட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.